அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

என் தம்பி வேலை பார்க்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இன்னொருதடவை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாட வந்தவர் பாடி முடித்து, அப்பாடா என்று தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவன் குரல் வரும். “நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை.” அவர் பாட்டிலை மூடிவிட்டு மறுபடி பாடுவார். மறுபடியும் நல்லாத்தான் இருக்கும். மறுபடியும் இன்னொரு தடவைதான்.

அது வேலையால் வந்த பழக்கம் என்று அங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூடப் பிறந்தவள் எனக்கல்லவா தெரியும், அது தொட்டில் பழக்கம். பள்ளிக்கூடம் போகிற வயசில் ஷூ நாடாவைக் கட்டுவான், அவிழ்ப்பான், மறுபடி கட்டுவான். அதற்குள் அங்கே மணி அடித்து முடிந்திருக்கும். இவன் தலை தெருமுனையில் தெரிந்தாலே முடி வெட்டுகிறவர் கடையைச் சாத்திக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். வளர்ந்த பிறகு ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண் லட்சணமாக இருந்தாள், இவனுக்கும் பிடித்துத்தான் இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “நல்லா இருக்கு, இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்” என்றான். அந்த வீட்டில் எங்களை வாசல் வரைகூட வந்து வழியனுப்பவில்லை.

அவனுக்கு ஓர் ஆசை உண்டு. ஊரார் பாட்டையெல்லாம் சீர்செய்து கொடுக்கிறவன், தானே ஒரு பாட்டு செய்து வெளியே விட வேண்டும் என்பது. எங்கள் வீட்டின் பின் அறையில், அவன் கம்ப்யூட்டருக்குள், அப்படிப் பாதிப் பாட்டுகள் ஏராளம். ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் சேமித்து, பெயரும் வைத்திருப்பான். ‘முடிவு.’ ‘முடிவு இரண்டு.’ ‘கடைசி முடிவு.’ ‘இதுதான் கடைசி.’ ‘சத்தியமா இதுதான்.’ அதற்குப் பிறகும் ஒன்று இருக்கும், பெயர் இல்லாமல். ஒரு பாட்டுகூட அந்த அறை வாசலைத் தாண்டியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவன் முதலாளி ஒரு புது மென்பொருளைக் கொடுத்து அனுப்பினார். பாட்டைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, மெருகேற்றுவதற்கான மென்பொருள். கூடத்தில் பல வருஷமாகப் பழைய ஒன்றை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புதியதை வாங்கலாமா வேண்டாமா என்பதில் அங்கே இரண்டு கட்சி. “நீ வீட்டுல ஓட்டிப் பார்த்துட்டு வா. திங்கக்கிழமை ஒரு வார்த்தை சொல்லு. வாங்கலாம், வேண்டாம், அவ்வளவுதான். இன்னொரு தடவை பார்க்கணும்னு மட்டும் சொல்லிடாதே” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அது சோதனைக்காகச் சும்மா தருகிற பதிப்பு. எல்லா வேலையும் செய்யும், செய்ததைச் சேமிக்க மட்டும் விடாது. மூடினால் போச்சு, ஈர மணலில் போட்ட கோலம் மாதிரி. தம்பிக்கு அது தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தான். கீபோர்டில் கட்டையைத் தட்டினால் சத்தம் உடனே வருகிறதா, எத்தனை குரலை அடுக்கினால் மூச்சு வாங்குகிறது என்றெல்லாம் பார்ப்பதற்காக, கை போன போக்கில் எதையோ வாசித்தான். எப்படியும் அழியப் போவதுதானே என்று எதையும் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின் அறையிலிருந்து அது வந்தது. முதலில் ஒரு குழல் மாதிரி மெல்லிசாக, அப்புறம் கீழே யாரோ தாங்கிப் பிடிக்கிற மாதிரி கனமாக ஒன்று, நடுவில் ஒரு தாளம். என் கை தன்னால் நின்றுவிட்டது. தினமும் சாமி முன்னால் உட்காரும்போது எனக்கு ஒரு நிமிஷம், வீட்டுக் கணக்கெல்லாம் மறந்து நெஞ்சு லேசாகும். அப்படி இருந்தது.

அறைக்குள் போனால் தம்பி வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான்.

“என்னடா?”

“அக்கா, பாட்டு வந்துடுச்சு.”

“நல்லதுதானே. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“சேவ் ஆகாது.”

விளக்கிச் சொன்னான். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வாழ்நாளில் முதல் தடவையாக முழுசாக ஒரு பாட்டு செய்திருக்கிறான், அது அந்தத் திரையில் இருக்கிறது, கம்ப்யூட்டர் அணைந்தால் பாட்டும் அணைந்துவிடும்.

“காசு குடுத்து வாங்கிட்டா சேவ் ஆகுமில்ல?” என்றேன்.

அவன் அதையும் யோசித்து, கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டிருந்தான். தேன் குரலில் ஒரு பெண், “வாங்கின பிறகு ஒரு தடவை மூடிட்டுத் திறங்க சார்” என்றாளாம். மூடினால் பாட்டு இருக்குமா என்று கேட்டானாம். “இன்னிக்கு எங்க சேவை எப்படி இருந்துச்சு சார்?” என்று அவள் கேட்டாளாம்.

பழைய மென்பொருளில் திரும்ப வாசிக்கவும் முடியாது. அந்தக் குழல் சத்தம் அதில் கிடையாது. வேறு ஏதாவது நிரலைத் திறந்து இதைப் பிடிக்கலாம் என்று பார்த்ததற்கு, கம்ப்யூட்டர் ஒரு நொடி அப்படியே உறைந்து நின்றதாம். உயிர் போய் உயிர் வந்தது என்று மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டான். செல்போனில் பிடித்தால் தெருச் சத்தமெல்லாம் சேர்ந்து விழும். ஒரே வழி, ஒயர் வைத்து வேறொரு ஒலிப்பதிவுப் பெட்டியில் பிடிப்பது. அப்படி ஒரு சின்னப் பெட்டி, கூடத்தில் வாசிக்க வருகிற கிடார்காரரிடம் இருந்தது. கிடார்காரர் வெளியூர்க் கச்சேரிக்குப் போயிருந்தார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

இங்கேதான் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன் அறையில் என் வீட்டுக்காரர் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். நடுவில் நாங்கள், பின்னால் தம்பி. மொத்தத்துக்கும் ஒரே கிழட்டு ஒயர். இஸ்திரிப் பெட்டி சூடாகும்போது கம்ப்யூட்டரும் ஓடினால், பத்துக்கு நாலு தடவை ஃபியூஸ் போய்விடும். கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்கிற பேட்டரிப் பெட்டி ஒன்று தம்பியின் மேஜைக்குக் கீழே இருக்கிறது. அது செத்து வெகு காலம் ஆகிறது, காலை வைத்துக்கொள்ளத்தான் ஆகும்.

தம்பி முன் அறைக்குப் போய்த் தயங்கி நின்றான். “மாமா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பெட்டியைப் போடாம இருக்க முடியுமா?”

“ஏன் மாப்ளே, மூச்சையும் விடாம இருக்கணுமா?”

“மாமா, பாட்டு.”

“வக்கீல் கோட்டு இருக்கு. டாக்டருங்க கோட்டு ஒரு மூட்டை இருக்கு. நாளைக்கு அவங்க கசங்கிப்போய் நின்னா நோயாளி, இவரே சீக்காளி மாதிரி இருக்காரேன்னு எழுந்து போயிடுவான்.”

திட்டிக்கொண்டே ஏணியை எடுத்தார். பரண் மேலே கிடந்த கரிப் பெட்டியை இறக்கி, துருவைத் தேய்த்து, வாசலில் கரி மூட்டினார். சனிக்கிழமை முழுக்க அதிலேயே தேய்த்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். “உன் பாட்டு ஹிட் ஆச்சுன்னா எனக்கு ஒரு கண்ணு டாக்டரைப் பார்த்து விடு” என்றார்.

பிளக் தரையோரம் இருந்தது. யாரும் மிதித்துவிடக் கூடாது என்று தம்பி அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்தான். நான் அந்த அறையைப் பெருக்கவில்லை. கடவுளிடம் நான் சின்ன விஷயங்களைக் கேட்டுத் தொந்தரவு செய்கிறவள் இல்லை. அன்றைக்கு மட்டும், “சாமி, கரண்டைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ” என்று கேட்டேன்.

கேட்டு முடித்த கையோடு மின்சார ஆபீஸ் ஆள் வந்து நின்றார். பழைய மீட்டரைக் கழற்றிப் புதுசு மாட்ட வேண்டுமாம். “அஞ்சு நிமிஷம் மெயினை அணைச்சுக்கறேன்மா” என்று மீட்டர் பெட்டியில் கை வைத்தார். பின் அறையிலிருந்து தம்பி ஓடி வந்து, வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

“வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று அந்த ஆள் என்னைக் கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு வாய் வராது. உண்மையைச் சொன்னால் அவருக்குப் புரியாது. என் வீட்டுக்காரர்தான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன சார், அரசாங்க சட்டை இப்படிக் கசங்கியிருக்கு? மேலதிகாரி பார்த்தா என்ன நினைப்பார்? கழட்டுங்க. காசு வேண்டாம்.”

அந்த ஆள் பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். கரிப் பெட்டி நிதானமாக ஊர்ந்தது. ஒரு கை முடிந்ததும் தம்பி எட்டிப் பார்த்து, பழக்க தோஷத்தில், “இன்னொரு தடவை தேய்ங்க மாமா” என்றான். சட்டை கத்தி மாதிரி ஆனது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தவருக்கு மீட்டரைக் கழற்றித் தூசி பட மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடார்காரர் பெட்டியோடு வந்தார். தம்பி ஒயரைச் செருகினான். என் வீட்டுக்காரர் கரிப் பெட்டியைக் கல் மேல் வைத்துவிட்டு வந்து நின்றார். நான் மின்விசிறியை நிறுத்தினேன். பாட்டு ஓடியது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. பாதியில் என் வீட்டுக்காரருக்குத் தும்மல் வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது.

முடிந்ததும் கிடார்காரர் எங்களைப் பார்த்தார். “ஏன் எல்லாரும் சிலை மாதிரி நிக்கறீங்க? ஒயர்ல போகுது. நீங்க கல்லு உடைச்சாலும் இதுல விழாது.”

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்று சொல்லி என் வீட்டுக்காரர் அடக்கி வைத்த தும்மலைத் தும்மினார்.

போட்டுக் கேட்டோம். பாட்டு பத்திரமாகப் பெட்டிக்குள் வந்திருந்தது. நான் மேலே பார்த்துக் கும்பிட்டேன். தம்பி மட்டும் தலையைச் சாய்த்தான்.

“கடைசி தாளம் கொஞ்சம் நீளமா இருக்கு. இன்னொரு தடவை.”

தாளத்தைக் குறைத்தான், பிடித்தார்கள். நடுவில் குழல் கொஞ்சம் முன்னால் வருகிறது என்றான். தள்ளினான், பிடித்தார்கள். கீழ்ச் சத்தம் கனம் என்றான். கிடார்காரர் இரண்டு வேளை சாப்பாட்டை எங்கள் வீட்டிலேயே முடித்தார். ஒவ்வொரு தடவையும் திரையில் அந்தக் கோடுகளைத் தொடும்போது நான் சமையலை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தேன், கை தவறி மூடிவிட்டால் என்ன ஆவது என்று. வாசலில் கரி சாம்பலாகிவிட்டது.

கடைசியில் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான். “அக்கா, நீ சொல்லு. எது நல்லா இருக்கு?”

எனக்குத் தர்மசங்கடம். ஏதாவது ஒன்றைக் கை காட்டியிருந்தால் அவன் சந்தோஷப்பட்டிருப்பான். ஆனால் காலையில் கடவுளிடம் உதவி வாங்கிக்கொண்டு, சாயங்காலம் எப்படிப் பொய் சொல்வது?

“எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரியேதான்டா கேக்குது” என்றேன். “எல்லாமே நல்லா இருக்கு.”

அவன் மனசை உடைத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “எனக்கும்தான் மாப்ளே” என்றார். கிடார்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு மேஜை மேல் கவிழ்ந்துகொண்டு சிரித்தான். “அத்தனை பேரைத் தண்ணி குடிக்க விடாம பாட வெச்சேனே அக்கா” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலில் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழிக்கும்படி கிடார்காரரிடம் சொன்னான். மென்பொருளை மூடினான். அது, ‘செய்த மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று கேட்டது.

“கேக்கறதைப் பாரு” என்றார் என் வீட்டுக்காரர்.

தம்பி ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினான்.

திங்கட்கிழமை முதலாளியிடம், வாங்கலாம் என்று ஒரே வார்த்தை சொன்னானாம். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தாராம். பிறகு பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறான். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “கடைசி தாளத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே” என்றாராம்.

“முடியாது சார். ஃபைல் இல்லை.”

“அப்போ?”

“அப்போ இதுதான் சார்.”

முதலாளி இன்னொரு முறை கேட்டுவிட்டு, சரி, இப்படியே வெளியிடுவோம், பாட்டுக்குப் பெயர் மட்டும் சொல்லு என்று சொல்லிவிட்டார். இதுவரை பெயர் வைக்கிற கட்டத்துக்கு இவன் வந்ததே கிடையாது. யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்தான். வந்ததிலிருந்து பின் அறையில் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முதலாளி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.