வாடிக்கையாளர் திருப்தி

அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் தரப் பிரிவில் அவரை எல்லோரும் ‘கையெழுத்தக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. பழுது பார்த்த பிறகு வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, “சரியாச்சா?” என்று கேட்க வேண்டும், அவர் ஆமென்றால்தான் புகாரை மூடலாம். இந்த விதியை எழுதியதே அக்காதான். இதில் யாராவது டிமிக்கி கொடுத்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

தரச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தணிக்கையாளர் வந்தார். சான்றிதழ் போனால் அக்கா பதினெட்டு வருடம் கட்டிக்காத்த பெயரும் கூடவே போய்விடும். மூடிய புகார்களில் ஒன்றைத் தணிக்கையாளர் பார்க்காமலே உருவினார்.

“இந்த நம்பருக்குப் போடுங்க.”

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அது அவர் வீட்டு நம்பர். போன வாரம் கணவர் போன் கரகரக்கிறது என்றார். லைன்மேன் போய் வந்ததும், அக்கா ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்று எழுதி மூடிவிட்டார். அந்த மனுஷனைக் கேட்பானேன்? எதைக் கேட்டாலும் “நல்லாத்தான் இருக்கு” என்கிற ஜீவன்.

ஸ்பீக்கரில் கணவர் குரல் வந்தது.

“போன் சரியாச்சா சார்?” என்று தணிக்கையாளரே கேட்டார்.

“எங்க? இன்னும் கரகரன்னுதான் இருக்கு. யாரும் கேக்கவும் இல்ல… ஐயோ, இதை எழுதிடாதீங்க! என் வீட்டுக்காரி அங்கதான் வேலை பாக்குறா. இன்னைக்கு ஏதோ தணிக்கையாம், காலையில சாப்பிடக்கூட இல்ல, பாவம்.”

தணிக்கையாளர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

“அந்த வீட்டுக்காரி நான்தான் சார். குறைன்னே எழுதிக்குங்க,” என்று அக்கா தன் தவறுக்குத் தானே கையெழுத்துப் போட்டார். பத்து நாளில் திருத்தினால் சான்றிதழ் நிலைக்கும் என்றார் தணிக்கையாளர்.

சாயங்காலம் அக்கா லைன்மேனை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், துருப்பிடித்த இணைப்பை மாற்றும்வரை பக்கத்திலேயே நின்றார். லைன்மேன் போனதும் படிவத்தோடு கணவர் முன்னால் போய் நின்றார்.

“சரியாச்சாங்க?”

“ஜோரா கேக்குது.”

“கடைசிக் கேள்வி. வேற ஏதாவது குறை இருக்கா?”

கேட்ட வாயை மூடுமுன்பே அக்காவின் கை ‘இல்லை’ என்று எழுதிவிட்டது.

“இருக்கு,” என்றார் அவர். “நீ உக்காந்தா சொல்றேன்.”

அக்கா எழுதியதை அடித்துவிட்டு, பேனாவை மூடி வைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.