திரும்பி வரும் கட்டில்கள்

திரும்பி வருகிற கட்டில் எதுவானாலும் முதலில் அவர்தான் அதில் ஏறிப் படுப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, கண்ணை மூடி, "சுத்துங்க" என்பார். பக்கத்தில் நிற்பவர் யாரோ அவர் கால்மாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தலைப்பக்கம் மெல்ல உயரும். அவரும் கண்ணைத் திறக்காமலே உயர்வார். எங்காவது கிறீச்சிட்டால் உதடு மட்டும் அசையும்: "எண்ணெய்." இறங்கும்போது தீர்ப்பு வரும்: "என்னையே தாங்குது. இனிமே யார வேணா தாங்கும்." அவருடைய உடம்பைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். மனைவி மட்டும் இந்தக் காட்சி முடியும்வரை வெளியே போய் நின்றுகொள்வார்.

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எல்லாருக்கும் கட்டில்காரர். மூடிப்போன ஒரு திரையரங்கின் சைக்கிள் நிறுத்துமிடத்தை வாடகைக்கு எடுத்து, சின்ன அறக்கட்டளை ஒன்று மருத்துவமனைக் கட்டில்களையும் சக்கர நாற்காலிகளையும் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்து வாங்குகிறது. கொண்டுபோவது, மாட்டுவது, கழற்றுவது, துடைப்பது எல்லாம் இவர். நோயாளி எழுந்து நடந்தால் கட்டில் திரும்பும். எழுந்திருக்காமலே போய்விட்டாலும் திரும்பும். எந்த வகையில் திரும்பியது என்று அவர் சொல்வதில்லை. "வந்துருச்சு" என்பார், அவ்வளவுதான்.

தனக்கென்று கேட்பதில் துளியும் கூச்சமில்லாத மனிதர். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் படித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாளின் நடுப்பக்கத்தை உருவித் தரச் சொல்வார். கொசுறு கேட்பாரே என்று தக்காளிக்காரர் இவரைக் கண்டதும் தராசை மறைக்கிறார். ஆனால் அறக்கட்டளைக்காக நாலு பேரிடம் வாய் திறக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பொதுத்தொண்டு செய்பவர்களுக்கு இது நேர்மாறாக அமைந்திருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வாடகையையும் பழுதுச் செலவையும் ஏற்றிருந்த நிறுவனம், தன் கொள்கை மாறிவிட்டதாக மரியாதையாகத் தெரிவித்துக் கைகழுவிய பிறகு அந்த நாக்கு எல்லாருக்கும் பிரச்சினையாகிவிட்டது. மாதம் ஒரு கூட்டம். அறக்கட்டளைத் தலைவரான ஆடிட்டர் வழி சொல்வார், கட்டில்காரர் வழியை அடைப்பார். இருவருமே களைத்துப்போயிருந்தார்கள்.

கச்சேரி ஏற்கெனவே வைத்துப் பார்த்தாயிற்று. அரங்க வாடகை, மைக், பாடகரின் பயணம், பாடகரோடு வந்தவர்களின் பயணம் எல்லாம் போக மிஞ்சியது ஒரு பெரிய பேனர். அது இன்றும் சக்கர நாற்காலிகளின்மேல் தூசி படாமல் காக்கிறது. நிகர லாபம் என்று ஆடிட்டரே அதைக் காட்டிச் சொல்வதுண்டு. மாதச் சந்தாவில் சேர்ந்தவர்கள் கொஞ்ச நாளில் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். இப்போது கட்டில்காரர் நலம் விசாரிக்கக் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. கட்டிலின் தலைப்பலகையில் விளம்பரம் போடலாம் என்றால், முன்வந்தது ஒரே ஒரு கம்பெனி. இறுதி ஊர்வலத்துக்கு வண்டி விடுபவர்கள்.

"படுத்திருக்கறவர் தலைக்கு மேல அவங்க போன் நம்பரா? நல்லா இருக்கு சார் உங்க நியாயம்!"

"சரிண்ணே, சின்னதா நாள் வாடகை ஒண்ணு வைப்போம்."

கட்டில்காரர் சற்று நேரம் உள்ளங்கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வேணாம் சார். நாள் வாடகைன்னா வீட்டுல ஒருத்தன் நாள எண்ண ஆரம்பிச்சிடுவான்."

அன்றைக்குக் கூட்டம் அத்தோடு கலைந்தது.

அடுத்த முறை ஆடிட்டர் ஒரே ஒரு வழியோடு வந்தார். எப்போதோ தானாக வந்த நன்கொடைகளை அலசிப் பார்த்திருக்கிறார். குணமான வீட்டார் இனிப்புப் பெட்டியோடு வந்து வாயார நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். பணம் தருவதெல்லாம் ஆளை இழந்த வீட்டார். அதுவும் கட்டில் வெளியேறும் அன்றைக்கே. ஆக, திட்டம் எவ்வளவுக்கெவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு வரவு குறையும். இதைச் சொல்லும்போது ஆடிட்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டில கழட்டும்போது ஒரு வார்த்த போட்டு வைங்கண்ணே. போதும்."

"எந்த வார்த்த சார்? போய்ட்டாங்களா, சரி, எவ்வளவு தர்றீங்கன்னா?"

"எங்கப்பா போனப்ப நான் குடுக்கலயா? என்னை யாரு கேட்டா?"

"நீங்க ஆடிட்டர். வரிவிலக்கு உண்டுன்னு தெரியும்."

ஆடிட்டர் சிரிக்கவில்லை. "வர்ற மாசம் வாடகைக்கே வழியில்லண்ணே. கேளுங்க. இல்லன்னா கட்டில எல்லாம் ஏதாவது ஆஸ்பத்திரி தலையில கட்டிட்டு, சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போவோம். எனக்கும் தெம்பில்ல."

வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி, துக்க வீட்டுக்காரியாகக் கதவோரம் நின்றார்.

"வந்து... அம்மா... நாங்க வந்து..."

"இன்னும் கொஞ்சம் இழுத்தீங்கன்னா எனக்கே அழுகை வந்துடும். நேரா கேளுங்க."

"நேரா கேட்டா எனக்கு வந்துடும்டி."

அந்த வாரமே ஒரு கட்டில் திரும்ப வேண்டியிருந்தது. அறக்கட்டளைக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதும் நானும் கூடப் போனேன். அம்மாவை இழந்தவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இரண்டாம் மாடி, சன்னலோரம் கட்டில். அது நின்ற இடத்தில் மட்டும் தரை வெளுத்திருந்தது. கட்டில்காரர் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றியபடி எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். "குழாய் ஒழுகுது பாருங்க தம்பி, வாஷர் போயிருக்கும்." சன்னல் கொக்கி தளர்ந்திருப்பதைச் சொன்னார். சுவிட்சுப் பெட்டியைக்கூட விடவில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

கட்டில் சட்டத்தை அவரும் லிஃப்ட்காரரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். படிக்கட்டு திரும்பும் இடத்தில், கட்டில் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சாய்ந்து நின்றபோது, கட்டில்காரருக்கு வாய் திறந்தது.

"தம்பி..."

"சொல்லுங்கண்ணே."

"இந்தக் கட்டிலெல்லாம் தொடர்ந்து ஓடணும்னா... உங்களால ஏதாவது... முடிஞ்சா..."

நான்கு கைகளும் இரும்பில் இருந்தன. கேட்கப்பட்டவரால் சட்டைப் பையைத் தொடவும் முடியாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது. உலகத்தில் நன்கொடை கேட்க இதைவிட மோசமான இடத்தை யாரும் தேடிப் பிடித்திருக்க முடியாது.

"அண்ணே, முதல்ல இறக்கிடுவோம்ணே. விரல் மாட்டுது."

கீழே வண்டியில் ஏற்றினார்கள். "இருங்கண்ணே, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் படியேறினார்.

"கோவிச்சிக்கிட்டுப் போறாரோ?" என்று கட்டில்காரர் என்னிடம் கேட்டார்.

"பணம் எடுக்கத்தான் போறார்."

"அது இதவிட மோசமில்ல?" வண்டியின் முன்கதவைத் திறந்தார். ஏறவில்லை. மறுபடி சாத்தினார். "கிளம்பிடலாமா?" என்று கேட்டார். ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. கட்டில்காரர் சட்டென்று வண்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே இறுகியிருந்த கயிற்றை ஒரு கையால் இழுத்து இழுத்து இறுக்க ஆரம்பித்தார். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் நீண்டு, உள்ளங்கை விரித்தபடி, காத்திருந்தது.