மேப்பும் கிராஃபும் போதும்

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நேரத்தில் எனக்கு மஞ்சள் காமாலை. கணக்கும் அறிவியலும் எழுதவே போகவில்லை. திண்டிவனத்தில் நான் படித்த பள்ளியில், அரையாண்டில் தேறாதவர்களைத் தனி அறையில் உட்கார வைப்பது வழக்கம். மற்றவர்கள் முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல் என்று முழுப் புத்தகத்தையும் படிக்க, எங்களுக்கு மட்டும் ஒல்லியாக ஒரு கையேடு. கணக்கில் கிராஃபும் வடிவியலும், சமூக அறிவியலில் மேப், அறிவியலில் படம் வரைந்து பாகம் குறிப்பது. அவ்வளவுதான். பொதுத்தேர்வில் முப்பத்தைந்து வந்தால் போதுமாம்.

யாருக்குப் போதும்? எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு வேண்டும், கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். வகுப்பில் என்னை மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். காமாலை இறங்கியதும் கணக்கு டீச்சரிடம் போனேன்.

"மிஸ், நான் பெயில் ஆவல, பரிச்சையே எழுதல. பழைய கிளாசுக்கே போறேன் மிஸ்."

"அதெல்லாம் ஹெச்.எம். முடிவு. எல்லாத்தையும் படிச்சிக்கினு கெடக்காத, மொதல்ல பாஸ் பண்ற வழியப் பாரு."

வீட்டுக்கு வந்து, இப்படியே போனால் மாட்டு டாக்டருக்குப் படிக்க முடியாது என்று அம்மாவிடம் அழுதேன். மல்லாட்டைக்குக் களையெடுத்துவிட்டு வந்த களைப்பு அவளுக்கு. "டீச்சருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சி? பேஜாரு பண்ணாத, சொன்னதப் படி" என்றாள்.

சொன்னதைத்தான் படித்தேன். இருட்டும்வரை அதே மேப்பை வரைய வைத்து அனுப்புவார்கள். வீட்டில் மற்ற பாடத்தைத் திறந்தால் கண் சொக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தூக்கத்தில்கூட வரைவேன். இரத்த ஓட்டம் பாடத்தில் ஒரு வரி தெரியாது.

எல்லாவற்றிலும் தேறினேன். எதிலும் ஐம்பதைத் தாண்டவில்லை. பதினொன்றில் சேர அம்மாவோடு போனபோது தலைமையாசிரியர் மதிப்பெண்ணைப் பார்த்தார்.

"இதுக்கு வணிகவியல்தாம்மா கெடைக்கும்."

நான் விடவில்லை. "நீங்க நடத்துனதத்தான் சார் எழுதினேன்."

"அதான் பாஸ் ஆயிட்டியே."

அம்மா என் கையைக் கிள்ளிவிட்டு அவரைக் கும்பிட்டாள். "எல்லாம் உங்க புண்ணியம் சார்."

வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "பாஸாயிட்டல்ல, இன்னும் ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு வர்ற?"

"இந்த குரூப்ல சேந்தா மாட்டு டாக்டர் ஆவ முடியாதும்மா."

அம்மா நடப்பதை நிறுத்திவிட்டாள். பள்ளிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இத முன்னாடியே ஒருத்தரும் சொல்லலியேடி."

"நான் சொன்னேம்மா" என்றேன்.