போதும் என்ற பிறகும் விழுந்த கோல்கள்

அந்தச் சனிக்கிழமை வரை சித்தப்பாவை யாரும் கல்நெஞ்சக்காரர் என்று சொன்னதில்லை. அப்பாவின் தம்பி, ஊரில் போர் முடிந்தபின் படகில் இந்த நாட்டுக்கு வந்தவர். தற்காலிக விசாவில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். கிழமை நாட்களில் வெஸ்ட்மீட்டில் கட்டடங்கள் துப்புரவாக்கும் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் பென்டில் ஹில்லில் நான் விளையாடும் பெண்பிள்ளைகள் உதைபந்து அணிக்குப் பயிற்சியாளர். விசிலைக் கழுத்தில் மாட்டியதும் மனிதருக்கு முதுகு நிமிர்ந்துவிடும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைக் கடத்துகிறார் என்று அம்மா சொல்வார்.

இந்த ஊர்ப் பிள்ளைகளின் ஆட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. ஒரு பக்கம் மிதமிஞ்சி முன்னே போய்விட்டால், அதன் பயிற்சியாளர் தன் ஆட்களில் ஒன்றிரண்டு பேரை வெளியே எடுத்துவிடுவார். எழுதிவைத்த சட்டம் இல்லை, எல்லோருக்கும் தெரியும். அன்று இடைவேளைக்கு முன்னரே எட்டுக் கோல் அடித்துவிட்டோம். எதிரணியின் கோல்காப்பாளர் என் வகுப்புத் தோழி. வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து எடுத்து, கடைசியில் அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

அவர்களுடைய பயிற்சியாளர் சிரித்த முகத்துக்காரர். கோட்டோரமாக நடந்துவந்து, சித்தப்பாவின் தோளில் கை வைத்து, போதுமே என்று மெதுவாகச் சொன்னார். சித்தப்பாவின் முகம் வெளிறிப்போனது. அந்தக் கையைத் தட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அடியுங்கோ பிள்ளையள். நிப்பாட்டாதேங்கோ."

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. பயத்திலேயே அடித்தோம். எங்கள் பக்கத்துப் பெற்றோரே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கழக நிர்வாகி வந்து, இனி வரவேண்டாம் என்று சொல்லி விசிலைத் திருப்பிக் கேட்டார். சித்தப்பா அதைக் கழற்றி, வாயில் படும் பக்கத்தைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் கோபமும் தீரவில்லை.

காரணங்களுக்கா பஞ்சம்? கோல் வித்தியாசத்தில் முதலிடம் பிடிக்கப் பார்த்தார் என்றார் ஓர் அங்கிள். வெற்றிக் கிண்ணத்தைக் காட்டி விசா எடுக்கப் போகிறாராக்கும் என்று ஓர் அன்ரி சிரித்தார். அப்பா எங்களை ஏற்றிக்கொண்டு காரை எடுத்தார்.

பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த சித்தப்பாவிடம், என் தோழியை ஏன் அழவைத்தீர்கள் என்று கேட்டேன்.

"பிழைதான் பிள்ளை. அந்தாள் தோளில கை வைச்ச உடனை எனக்கு ஆமி எங்களை அடைச்சு வைச்ச முகாம்தான் ஞாபகம் வந்தது. அங்க காவலுக்கு நிண்டவங்களோட விளையாட விடுவாங்கள். நாங்கள் முன்னுக்குப் போனால் ஒருத்தன் வந்து இப்பிடித்தான் கை வைச்சு, போதும் எண்டுவான். நான்தான் பெடியளை நிப்பாட்டுறனான். ஒருநாள் ஒரு பெடியன் நிக்கேல்ல. நான் சொல்லச் சொல்ல இன்னொரு கோல் அடிச்சவன்."

நல்ல கோலா என்று கேட்டேன். ஓம், வடிவான கோல் என்றார். அதுக்குப் பிறகு அந்த அண்ணா எந்த அணிக்கு விளையாடினார் என்று கேட்டேன்.

"பிறகு அவன் விளையாடேல்ல."

காலில் அடிபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உடனே ஐஸ் வைத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று சித்தப்பாவுக்கு ஆறுதலும் சொன்னேன்.