கீழூருக்கு ஓர் ஆள்

சுடலைக்குமாருக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறியதும் இல்லை. ஆனாலும் கோவில்பட்டி மில்லில் எலக்ட்ரீசியன் வேலை முடிந்து வீடு திரும்பினால், ஒரு பழைய லேப்டாப்பில் படகுப்படை கட்டிக்கொண்டிருப்பான். உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் ஆடும் பழங்காலப் போர் விளையாட்டு அது. அதில் தரைப்போர் உண்டு, கடற்போர் உண்டு; ஆற்றுப்போரும் ஏரிப்போரும் மட்டும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க, விரும்பியவர்கள் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு பகுதியை எழுதி இலவசமாக விடவேண்டும் என்று மூன்று வருஷமாக மெனக்கெட்டான். "கண்மாயில கால் கழுவத் தண்ணியில்ல, இவிய கப்பல் விடுதாவ" என்பாள் மனைவி வள்ளிமயில்.

படகு சமாச்சாரமெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. ஒரே ஒரு ஆயுதம் மட்டும் அவனுடைய சொந்தச் சரக்கு: ஏரிக்கரையை வெட்டுவது. ஒரு பொத்தானை அழுத்தினால் கரை திறக்கும். கீழே கூடாரம் போட்டிருக்கும் பகைவன் படை அடித்துச் செல்லப்படும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் கரை மூடிக்கொள்ளும். ஆடிப் பார்த்த நண்பர்கள் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். பொங்கலுக்கு வெளியிடுவதாகச் சொல்லியும் ஆயிற்று.

மார்கழியில் பேய்மழை பிடித்தது. எப்போதும்வென்றான் கிராமத்துக்கு மேற்கே இருக்கிற அவன் ஊரின் கண்மாய் இரண்டே நாளில் நிறைந்து கரைமேல் வழியப் பார்த்தது. மிகுந்த தண்ணீர் வெளியேற வேண்டிய கலுங்கைச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. காலையில் ஊரே கரையில் நின்று கையைப் பிசைந்தபோது சுடலைக்குமார்தான் இடம் காட்டினான். நாலடி அகலம் வெட்டினால் போதும், தண்ணீர் ஓரடி இறங்கியதும் மணல்மூட்டை போட்டு அடைத்துவிடலாம் என்றான். கம்ப்யூட்டரில் மூன்று வருஷம் இதையே பார்த்தவனாயிற்றே என்று ஊரும் நம்பியது. முதல் வெட்டையும் அவனே போட்டான்.

கரிசல்மண் நனைந்தால் என்ன பாடு படுத்தும் என்று பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த ஊர் அது. படித்தவனுக்கு அன்றைக்கு மறந்துபோயிற்று. நாலடி நாற்பதடியாக அரைமணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. மணல்மூட்டைகள் போன இடம் தெரியவில்லை. ஊர் தப்பியது. தண்ணீர் பாய்ந்த வழியில், கீழூர் ஓடையோரம் பட்டி போட்டிருந்த மாயகிருஷ்ணனின் ஆடுகளில் நாற்பத்தாறு தப்பவில்லை. கரை தானாக உடைந்துவிட்டதாகக் கீழூருக்குச் சொல்லிவிட்டார்கள்.

அதன்பிறகு சுடலைக்குமாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. லேப்டாப்பைத் திறப்பான், மூடுவான். மில்லில் ஒரு மிஷினுக்கு ஃபியூஸ் மாற்றப் போய் வேறு மிஷினை நிறுத்தி வசவு வாங்கினான். பொங்கல் வந்து போயிற்று, விளையாட்டு வெளிவரவில்லை. மாயகிருஷ்ணனிடம் உண்மையைச் சொல்லாமல் கரை வெட்டும் பொத்தானைத் தொட அவனுக்குக் கை வரவில்லை. இரண்டு தடவை பைக்கில் கீழூர்வரை போய், டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"சொல்லணும்னா போய்ச் சொல்லுங்க. இல்லைன்னா ஒரு இடத்துல உக்காருங்க. நீங்க நடந்து நடந்து தரை தேயுது" என்றாள் வள்ளிமயில்.

தை கடைசியில் போனான். மாயகிருஷ்ணன் மிஞ்சிய ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். இவன் வண்டியை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டான்: "அண்ணாச்சி, கரை தானா உடையல. நான்தான் இடம் காட்டுனேன். நான்தான் வெட்டுனேன்."

அவர் முடிச்சை இறுக்கி முடித்த பிறகுதான் திரும்பினார்.

"தெரியும்லே. உடைஞ்ச கரை எது, வெட்டுன கரை எதுன்னு தெரியாமலா ஆடு மேய்க்கேன்? ஊருக்கு ஆபத்துன்னா வெட்டத்தான் செய்வாவ. முன்னயும் வெட்டியிருக்காவ. ஆனா மம்பட்டி எடுக்கதுக்கு முன்ன கீழூருக்கு ஒரு ஆளை விடுவாவ. பத்து நிமிஷம் கிடைச்சிருந்தா ஆட்டை மேட்டுக்குப் பத்தியிருப்பேன். உன் கையில போன் இருந்துச்சுல்லா?"

இருந்தது. முதல் வெட்டைப் போட்டதும் மம்பட்டியை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாய்வதை அந்தப் போனில்தான் அவன் படம் பிடித்துக்கொண்டிருந்தான். விளையாட்டுக்கு உதவும் என்று.

அன்று மாலையே உட்கார்ந்தான். கரையை மூடும் பொத்தானை எடுத்தெறிந்தான். வெட்டும் பொத்தானுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வைத்தான்: 'கீழூருக்கு ஆள் அனுப்பு.' அனுப்பினால் கீழே இருக்கிற சனமும் ஆடுமாடும் பிழைக்கும். பகைவன் படையும் பிழைத்துக்கொள்ளும். சண்டையில் எவனாவது சொல்லிவிட்டு வெட்டுவானா என்று நண்பர்கள் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டான்.

பங்குனியில் வெளியிட்டான். ஆடுகிறவர்கள் எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினார்கள் என்ற கணக்கு அவன் லேப்டாப்புக்கு வந்துவிடும். முதல் மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் தடவை கரையை வெட்டியிருந்தார்கள். ஆள் அனுப்பியது ஏழே தடவை. அதில் ஆறு, அவனே ஆடி அனுப்பியது. ஏழாவது யாரென்று தெரியவில்லை. தினமும் மில்லுக்குப் புறப்படுமுன் அந்த எண்ணை ஒருதடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான்.