கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை

முதலில் ரசம் பட்டு எரிந்தது. இடது கன்னத்தின் உட்புறம், வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் அதே இடம். சுண்ணாம்பு கூடிப்போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு அது புண்ணாயிற்று, ஆறவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. மலேசியாவில், ஈஜோக் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தேன். கோல சிலாங்கூர் போகும் பாதையில் ஒரு பயிர் ஆய்வு நிலையத்தில் வேலை. கண்ணாடிக் கொட்டகைக்குள் புகையிலைக் கன்றுகள் வரிசையாக நிற்கும். இலையில் மெல்லிய கீறல் விழ நுண்ணிய தூளைத் தூவி, வைரஸ் (கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமி) கலந்த சாற்றை விரலால் தேய்க்க வேண்டும்.

அந்த வைரஸுக்குள் புதிதாக ஒரு மரபணுக் குறிப்பைச் செருகிவிட்டால், இலையே மருந்துக்கான புரதத்தைச் செய்து தருமா என்று பார்க்கிறோம் என்றார் மிஸ். ஆய்வை நடத்திய யாழ்ப்பாணத்துப் பெண் அவர். நோயைக் கூலிக்கு அமர்த்தி மருந்து செய்யச் சொல்கிறீர்களே என்று சிரித்தேன்.

புண் வந்தபின் அந்தச் சிரிப்பு நின்றது. இலையைத் தேய்த்த விரலால்தானே சுண்ணாம்பு தடவுகிறேன்? செடியின் நோய் என் வாய்க்குள் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். வெளியே தெரிந்தால் லயத்தில் என் தட்டைத் தனியாக வைப்பார்கள். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. புண்ணின் நாற்றத்தை மறைக்க இன்னும் கூடுதலாக வெற்றிலை போட்டேன்.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூனிக் குறுகிப்போனேன். பிறகு அவரே டார்ச்லைட்டை எடுத்து வந்தார்.

"வாயத் தொற, பாப்போம்." பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார். "ஏன் புள்ள இத்தன நாளா மறைச்ச? நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம் லா."

கோலாலம்பூரில் பயாப்சி (சதையில் துளி வெட்டிச் சோதிப்பது) செய்தார்கள். வாய்ப் புற்றுநோய்.

"எலையிலேருந்து ஒட்டிக்கிச்சா டாக்டர்?"

"செடிக்கு வர்ற வைரஸ் மனுஷனுக்கு இந்த நோயக் கொடுக்காதும்மா. வெத்தலையோட பொகையில போடுவீங்களா?"

தலையாட்டினேன். கணவர் பக்கத்தில் நின்றார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கன்னத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். பிறகு கதிர்வீச்சு (மிச்சமிருக்கும் புற்றணுக்களைக் கதிரால் அழிப்பது). தாடை இறுகிவிட்டது. கஞ்சி உதட்டோரம் வழியும். உணர்ச்சி இல்லாததால் வழிவது எனக்கே தெரியாது.

மிஸ் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். பேச்சுவாக்கில், வைரஸ் தேய்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்க ஒதுக்கியிருந்த நல்ல கன்றுகளிலும் இலை திட்டுத்திட்டாக வெளுத்ததைச் சொன்னார். காரணம் பிடிபடவில்லையாம். வெற்றிலையோடு போட்ட புகையிலையால்தான் இந்த நோய் என்று நான் சொன்னதும் பேச்சை நிறுத்தி என் விரல்களைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க போடுற புகையிலையிலயும் அந்த வைரஸ் இருந்திருக்கும். காய்ஞ்சாலும் சாகாது. உங்கட கையால கன்றுக்குப் போயிருக்கும்."

சிகரெட் பிடிக்கிற ஆண்களைச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கொட்டகைக்குள் விடமாட்டார்கள். ஒரு பெண் கன்னத்தில் எதை ஒதுக்கியிருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. செடியால் நான் கெட்டேன் என்றிருந்தேன். என்னால் செடி கெட்டிருக்கிறது. போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

"கேட்காதது என்ட பிழை அக்கா," என்றார் மிஸ்.

"அந்தக் கன்னெல்லாம்?"

"எரிச்சாச்சு. புதுசா விதை போட்டிருக்கம். நீங்க வந்துதான் நடணும்."

"அந்த எல மருந்து என் புண்ணுக்கு ஆவுமா மிஸ்?"

"இப்ப இல்ல அக்கா. எப்பவோ, யாருக்கோ."

இலையில் சாறு தேய்த்தபின் திட்டு வருகிறதா என்று தினமும் பார்ப்போம். இப்போது காலையில் கண்ணாடி முன் நின்று என் வாயையும் அப்படித்தான் பார்க்கிறேன். தீபாவளி, பொங்கல் என்றிருந்த வருஷம் ஒரு செக்கப்பிலிருந்து அடுத்த செக்கப் வரை என்று சுருங்கிவிட்டது. ஆறாத புண்ணோடு இதைப் படிப்பவர் யாராவது இருந்தால், வெட்கம் தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இன்னும் தீரவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று மத்தியானம், சுவரைப் பார்த்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். மிஸ் தன் சாப்பாட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கண் என் உதட்டோரம் போய் நின்றதும், வழிகிறது என்று புரிந்தது. துடைத்தேன். முகம் காந்தியது. கிண்ணத்தைக் கீழே வைக்காமல், மிச்சத்தையும் அவர் பக்கம் திரும்பிக் குடித்தேன்.