எங்கள் மத்தியானத் தூக்கம்

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டினோம். விடியும் முன்னே மரத்தடியில் நிற்க வேண்டும். பாலைச் சேர்த்து, அளந்து கொடுத்துவிட்டுத் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். குளித்து, சோறு தின்று, கதவைச் சாத்திக்கொண்டு படுப்போம். மற்றவர்களுக்கு இரவு எப்படியோ, எங்களுக்கு மத்தியானம் அப்படி. வேலையை விட்டுக் கருங்கல் ஊருக்கு வந்த பிறகும், இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கிடப்போம். சில நாள் அதற்கு மேலும் உண்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. சபையில் நாலு பேர் பார்க்கத் தாலி கட்டினவர்தானே.

இரண்டு வருஷத்துக்கு முன்பு எனக்குப் பெண்ணுறுப்பின் வெளி உதட்டில் அரிப்பு வந்தது. அரிப்பு புண்ணானது. யாரிடமும் காட்டாமல் மஞ்சளும் எண்ணெயும் போட்டுக்கொண்டு திரிந்தேன். கடைசியில் காட்டினபோது புற்றுநோய் என்றார்கள். அந்தச் சதையை வெட்டி எடுத்தார்கள். இரண்டு தொடை இடுக்கிலும் இருந்த கட்டிகளையும் எடுத்தார்கள். இப்போது பலகையில் உட்கார்ந்தால் நோவு. சாயங்காலமானால் இடது கால் வீங்கிவிடும். ஒன்றுக்குப் போனால் ஒரு பக்கமாகப் போகாது, தொடையெல்லாம் சிதறும். ஒவ்வொரு தடவையும் கழுவிவிட்டு வரவேண்டும். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, “புண் ஆறும்வரை தனியாகப் படுக்கட்டும்” என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை. முன்னறையில் பெஞ்சை இழுத்துப் போட்டுப் படுத்தவர்தான். புண் ஆறி ஒரு வருஷம் தாண்டியும் அங்கேயே கிடந்தார். மத்தியானம் நான் உள்ளே தனியாகப் படுத்திருப்பேன். பெஞ்சு கிறீச்சென்று சத்தம் போடுவது கேட்கும். இப்போது எழும்பி வருவார் என்று காதைக் கொடுத்துக் கிடப்பேன். அவர் புரண்டு படுத்த சத்தமாக இருக்கும். கூப்பிடலாம்தான். நான் யாரிடமும் எதற்கும் கெஞ்சி நின்றவள் இல்லை. அவருக்கு என்மேல் அறப்பு, அருவருப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். கேட்டால் அது அவர் முகத்தில் தெரிந்துவிடுமே என்ற பயமும் உண்டு.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு பெண் தாள்களோடு வந்து உட்கார்ந்தாள். வைத்தியத்துக்குப் பிறகு நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்று அளந்து பார்ப்பதற்காம். ஒவ்வொரு கேள்விக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய, ரொம்ப நிறைய என்று நாலில் ஒன்றைச் சொல்லவேண்டும்.

“பாட்டி, போன ஒரு வாரத்துல, இருந்தா நோவு உண்டா?”

“எதுல இருந்தா? மெத்தையிலயா, பலகையிலயா?”

அவள் சிரித்தாள். “பலகையின்னு வச்சுக்கிடுவோம்.”

“அப்போ நிறைய.”

கால் வீக்கம், மூத்திரம், தூக்கம் என்று கேட்டுக்கொண்டே வந்தவள் நடுவில் ஒரு பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிட்டாள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் ‘கணவர்’ என்று எழுதியிருந்தது என் கண்ணில் பட்டது.

“ஒரு பக்கத்த விட்டுட்டியே மக்கா.”

“அது உங்களுக்கு வேண்டாம் பாட்டி. சின்ன வயசுக்காரங்களுக்கு உள்ளது.”

“அப்படி அதுல எழுதியிருக்கா?”

“எழுதல்ல…”

“பின்ன வாசி. எனக்க வீட்டுக்காரரு உயிரோட வெளிய பெஞ்சுல இருக்காரு.”

அவள் முகம் சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, கணவரோடு சேர்ந்திருக்க ஆசை இருந்ததா என்று வாசித்தாள்.

“ரொம்ப நிறைய.”

பேனா நின்றுவிட்டது. “எழுது” என்றேன். எழுதினாள். சேர்ந்திருந்தீர்களா என்றாள். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். அது தாளில் இல்லாத கேள்வி. நான் நடந்ததைச் சொன்னேன்.

“ஐயோ பாட்டி! அது ஆறு வாரத்துக்குச் சொன்னதாக்கும்!”

எழும்பிப்போய் டாக்டரம்மாவையே கூட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் படுக்க இப்போது ஒரு தடையும் இல்லை, மற்றது உங்களுக்கு நோகாமல் இருந்தால் சரி என்று டாக்டரம்மா சொன்னார்.

திரும்பி வரும்போது மார்த்தாண்டத்தில் பஸ் மாற இறங்கினோம். சாயா வாங்கித் தந்தார். டாக்டரம்மா சொன்னதை அங்கே வைத்துச் சொன்னேன். அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மரத்துல பட்டயத் தாண்டிக் கத்தி உள்ள தடியில பட்டுட்டா, அந்தப் பக்கத்த வருஷக்கணக்குல தொடப்பிடாதுல்லா. அப்படித்தான் நெனச்சேன்.”

“நான் என்ன ரப்பர் மரமா?”

“பயந்துட்டேன் ஏட்டி. ஒறக்கத்துல எனக்க காலு உனக்க மேல பட்டுட்டா?”

“பயமா? அறப்பு இல்லியா?”

“அறப்பா? யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை என்றேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான். அவர் சாயாவைக் குடிக்காமல் கீழே ஊற்றிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். வாருங்கள் என்று நான் சொல்லவில்லை, நகர்ந்து இடம் விட்டேன். கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடுவார் போல, சுவரைப் பார்த்துப் படுத்தார். எங்களுக்கு நடுவில் ஒரு ஆள் படுக்கலாம். அவர் முதுகில் எலும்பு தெரிந்தது. ஒன்றரை வருஷத்தில் இவ்வளவு மெலிந்துபோனது எனக்குத் தெரியாமல் போயிற்றே. கையை நீட்டினேன். எட்டவில்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்தால் என் தொடை இடுக்கு சுள்ளென்று இழுக்கும்.

“இஞ்சேருங்க. இந்தப் பக்கம் திரும்பி, கிட்ட வந்து படுங்க.”

“உனக்கு நோவாதா?”

“நோவும். திரும்புங்க.”